அப்பாவுக்கு லீவு கிடைச்சிருச்சு

மாதா துணை
கந்தப்பளை

அன்பு மகள் டெல்சிக்கு அம்மா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளை நிரோஷனும் பேத்தியும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு மாதாவ வேண்டிக்கிறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், ஒங்கப்பாவோட முழங்கால் மட்டும் சுகமில்ல. போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நான் ஒனக்குக் கோல் எடுத்தாலே ஒங்கப்பா பக்கத்துல வந்து சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னு காது குடுக்குறாரு, பேசுங்கன்னு நீட்டுனா வெளிய போயிர்றாரு. அதான் எழுதுறேன்.

விஷயம் என்னன்னா அப்பா நுவரெலியா ஹோட்டல் வேலைய விடுறாரு. அந்தக் குசினியில நாள் முழுக்க அடுப்பு முன்னுக்கு நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு. மாசக் கடைசியோட நிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டு, கடைசி நாள் வரைக்கும் சமைச்சிட்டுத்தான் வருவேன்னு பெருமையா இருந்தாரு. மேனேஜர் யோகேஸ்வரன் கூப்பிட்டு, இராயப்பண்ணே, ஒங்க வருஷ லீவு அப்பிடியே கெடக்கு, போன வருஷம் ஒழைச்சதுக்கு உள்ளதும் இருக்கு, இந்த வருஷம் வேலை செஞ்ச மாசங்களுக்குத் தக்கபடி சேந்ததும் இருக்கு, வேலைய விடுறீங்கன்னு அது அழிஞ்சு போகாது, கடைசி நாளுக்கு முந்தி எடுத்து முடிச்சிருங்க, சம்பளத்தோட லீவுன்னு சொல்லியிருக்காரு. வேற யாரா இருந்தாலும் கும்பிட்டுட்டு வந்திருப்பாங்க. ஒங்கப்பா எனக்கு லீவே வேணாம், நீங்களே வச்சுக்குங்கன்னு சண்டை போட்டிருக்காரு. இது நான் குடுக்குற தானம் இல்லண்ணே, ஒங்க உரிமை, நாளைக்குக் குசினிப் பக்கம் வரக்கூடாதுன்னு அவரு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு. மறுநாளும் போயிருக்காரு பாரு, வாச்சர் சிவசாமி கேட்டுலயே பிடிச்சு, தேத்தண்ணி குடுத்து, திரும்ப பஸ்ல ஏத்தி விட்டிருக்காரு.

லீவு ஏன் வேணாம்னாருன்னு ஒனக்குப் புரியும். நீயா மாப்பிள்ளையப் பாத்து முடிச்ச நாள்ல இருந்து, ஒன்னப் பாக்க மட்டக்களப்புக்குப் போவோமான்னு நான் கேக்குறப்பல்லாம் லீவு தர மாட்டேங்குறாங்கன்னு ஒரே பதில். பேத்தி பொறந்தப்பவும் அதே. நானும் நம்பி அந்த மேனேஜர ஜெபத்துல கூடத் திட்டியிருக்கேன், பாவம் அந்த மனுசன்.

வீட்டுல இருந்துக்கிட்டு என்னைய என்ன பாடு படுத்துறாருங்குற. பருப்புக்குத் தாளிச்சா பின்னாடி நின்னு எண்ணெ காயலங்குறாரு. டப்பாவையெல்லாம் எறக்கி உசரப்படி அடுக்கிட்டாரு, உப்ப நான் தேடித் திரியிறேன். ரொட்டிக்குச் சம்பல் வச்சா, வெள்ளக்காரனுக்கு வைக்கிற மாதிரி வெங்காயத்துல பூ வெட்டி நடுவுல வைக்கிறாரு. பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்ததும் கேட்டுட்டேன், இப்ப எந்த மேனேஜர் ஒங்களத் தடுக்குறாருன்னு. தின்னுக்கிட்டு இருந்த ரொட்டியப் பிச்சுப் பிச்சுத் தட்டுலயே போட்டாரு. அப்பறம், நான் போயி நிக்கிறப்ப அவ கதவத் தொறக்கலன்னா என்ன செய்யிறதுன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிருச்சு. இத்தன நாளா வீராப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், பயந்துக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்.

வெள்ளிக்கெழம அவர மட்டும் பஸ் ஏத்தி விடுறேன். வந்ததும் பழசு ஒண்ணும் கெளறாத, பேத்தியத் தூக்கி அவரு கையில குடுத்துரு, பேச்சு தானா வரும். மாமா மொறைக்கிற மாதிரி இருந்தா பயப்பட வேணாம், அவரு மூஞ்சியே அப்பிடித்தான்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லி வை. மீன் கொழம்புல கொற சொன்னா கரண்டிய அவருகிட்டயே குடுத்துட்டு நீ போயி ஒக்காரு. நீயும் கடை வேலைய மாத்தப் போறதா சொன்னியே, விடுறதுக்கு முந்தி மிச்ச லீவு எவ்வளவுன்னு வாயத் தொறந்து கேளு, அப்பா மாதிரி வேணாம்னு சொல்லிறாத.

நான் ஏன் கூட வரலன்னு கேப்ப. நாந்தான் போன மாசம் வந்துட்டுப் போனேனே. கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து எனக்கும் லீவு சேந்து கெடக்கு புள்ள, அத எடுக்கப் போறேன். மாதா ஒங்க எல்லாரையும் காப்பாத்தட்டும். அவர லீவு நாள் முடியிறதுக்கு முந்தி மட்டும் திருப்பி அனுப்பிறாத.

இப்படிக்கு,
ஒன் பிரியமுள்ள அம்மா
இராசம்மா