ஓர் ஆளுக்கு ரசம்

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

கவி அப்பாவுக்கு, தங்கம் அன்போடு எழுதுவது.

இங்கே மூவரும் நலம். கத்தாரில் வெயில் எப்படி? போனில் கேட்டால் "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் ஈமெயில். எழுதி அனுப்பினால் கடைசி வரி வரை படிப்பீர்கள் என்று தெரியும். பைப்பில் வெல்டிங் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துச் சோதித்து, கோயில் நோட்டீசில்கூடப் பிழை தேடுகிற ஆளாயிற்றே நீங்கள்.

கவிப்ரியாவுக்கு பாலிடெக்னிக்கில் புராஜெக்ட் நேரம், என்னிடம் பேசவே நேரமில்லை. ரித்திக் ராணுவப் பயிற்சி முகாமிலிருந்து வார இறுதியில்தான் வருகிறான், வந்ததும் தூக்கம். அப்படியும் சமைக்கும்போது என் கைக்கு நான்கு பேர் அளவுதான் வருகிறது. நேற்று கோவக்கார ரசம் வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் மிளகு இரட்டிப்பாகிவிடுகிறது என்று நீங்கள் வைத்த பெயர், இன்றைக்கும் நம் வீட்டோடுதான் இருக்கிறது. அதை என் சமையல் பிளாக்கில் எழுதினால் நாலு பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

பிளாக் என்றதும் ஞாபகம் வருகிறது. அதற்கு இலவசக் கருவிகள் ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன். தேக்கா சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கப் போய் பை நிறைய சுமந்து வருவேனே, அந்தக் கதைதான். பேசினால் தமிழில் தட்டச்சு செய்து தருகிற ஒன்று, படத்தைச் சுருக்கித் தருகிற ஒன்று, பிளாக்கில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று குறித்து வைக்கிற தேடல் பெட்டி ஒன்று. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஓர் உலக வரைபடம். எந்த ஊரிலிருந்து ஆள் வந்து படிக்கிறாரோ அங்கே சிவப்புப் புள்ளி வைக்கிறது. சிங்கப்பூர், ஈப்போ, சென்னை, எங்கோ நார்வேயில்கூட ஒரு புள்ளி. யார் பெற்ற பிள்ளையோ, அங்கே உட்கார்ந்து என் வத்தக்குழம்பைப் படிக்கிறது.

கத்தாரில் மட்டும் புள்ளி இல்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் படிப்பதாகச் சொன்னீர்களே. கருவியில்தான் கோளாறு போலிருக்கிறது.

தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தங்கம்

*

குவீன்ஸ்டவுன்
புதன்கிழமை

கவி அப்பாவுக்கு, தங்கம் எழுதுவது.

உங்கள் பதில் கிடைத்தது. கம்பெனி இணைப்பு சிங்கப்பூர் அலுவலகம் வழியாக வருகிறது, அதனால் கத்தாரில் படித்தாலும் சிங்கப்பூர் என்றுதான் காட்டும் என்று எழுதியிருந்தீர்கள். வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ரஷீதாவிடம் கேட்டேன். "அப்படியும் காட்டும்லா, நீ சும்மா மண்டையை உடைச்சுக்காதே" என்றாள். சரி, நம்பிவிட்டேன்.

ஆனால் நேற்று நீங்கள் போன் செய்தபோது பின்னால் குயில் கூவியது. நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விடியுமுன் ஆரம்பித்து எல்லாரையும் எழுப்பி விடுமே, அதே குரல், அதே அவசரம். கேட்டதற்கு, பக்கத்து அறைக்காரர் போனில் வைத்திருக்கிற அலாரம் என்றீர்கள். இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானம், அந்த நேரத்தில் அவருக்கு என்ன அலாரம் என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய பாலைவனச் சூரிய உதயப் படத்தை பிளாக்கில் போட நினைத்தேன். எந்தப் படத்தையும் போடும் முன், அது வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு கருவி இருக்கிறது. பிறர் படத்தை எடுத்துப் போட்டால் வம்பு என்பதால் வழக்கமாகப் பார்ப்பேன். உங்கள் படம் ஏதோ ஒரு ஓட்டலின் விளம்பரத்தில் இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே போட்டிருக்கிறார்கள். நீங்கள் எடுக்கப்போகிற படம் என்று தெரிந்து முன்கூட்டியே திருடிவிட்டார்கள் போல.

நான் எதுவும் கேட்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ரஷீதாவின் அக்கா வீட்டுக்காரர் ஜொகூரில் வேலை என்று சொல்லிக்கொண்டு பாத்தாமில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். அந்த அக்கா ஒரு துவைத்த சட்டையை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தாராம், அது தன் வீட்டு சோப்பு வாசனை இல்லை என்று. அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

செய்ய வேலை ஆயிரம் இருந்தும் ஒரு புதுப் பதிவு போட்டிருக்கிறேன். தேக்காவில் எங்கே புட்டு மாயம் வாங்கலாம், புக்கிட் பாஞ்சாங்கில் மீ கோரெங் எப்படி, பூன் லேயில் பிராட்டா எப்படி என்று ஊர் சுற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கான பதிவு. நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள். உங்கள் கம்பெனி இணைப்பு வழியாகவே படியுங்கள்.

தங்கம்

*

குவீன்ஸ்டவுன்
வெள்ளிக்கிழமை

கவி அப்பாவுக்கு,

அந்தப் பதிவில் நான் மூன்று பொய் எழுதியிருந்தேன். தேக்காவில் புட்டு மாயம் கடையை மூடிவிட்டார்கள் என்பது ஒன்று. புக்கிட் பாஞ்சாங் மீ கோரெங் கடைக்காரர் வேறு இடம் போய்விட்டார் என்பது இரண்டு. பூன் லே காப்பிக்கடையில் பிராட்டா போடுகிறவர் தொழிலையே விட்டுவிட்டார் என்பது மூன்று. மூவரும் அவரவர் இடத்தில் நன்றாக இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டுத்தான் பொய் எழுதினேன்.

மறுநாள் காலை பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. "தவறான தகவல். பூன் லே பிராட்டா கடை அதே இடத்தில் இயங்குகிறது. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. திருத்தவும்."

மற்ற இரண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணால் பார்க்காததில் கையெழுத்துப் போட மாட்டீர்கள், எனக்குத் தெரியாதா? உலகத்திலேயே என் பிளாக்குக்கு வந்து "திருத்தவும்" என்று எழுதக்கூடிய ஆள் ஒருவர்தான். ஒளிந்துகொண்டிருக்கிற மனிதர் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா? பிராட்டாக்காரருக்காக வாதாட வந்துவிட்டீர்கள்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட முடியவில்லை. சாங்கி விமான நிலையத்தில் உங்களை வழியனுப்பியது நான்தான், உள்ளே போய்க் கையசைத்ததும் நிஜம். அப்படியானால் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். இதே தீவில், பூன் லேயில், ஏதோ ஒரு வீட்டில் இருந்துகொண்டு, கத்தாரில் மணற்புயல் என்று என்னிடம் கதை சொல்லியிருக்கிறீர்கள். யார் வீடு அது? யார் உங்களுக்குத் துவைத்துப் போடுகிறார்கள்? கவி சாப்பிட உட்கார்ந்தாள், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படியிலேயே நின்றேன். அவளிடமும் ரித்திக்கிடமும் இன்னும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் பூன் லேக்கே வந்து அந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்து உங்களைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். யாராவது பக்கத்தில் இருந்தால் அவளையும் பார்த்துவிடுவது என்று. சேலைகூட மாற்றிவிட்டேன். கிளம்பும் முன், வேறு ஏதாவது அகப்படுமா என்று அந்தத் தேடல் பெட்டியின் குறிப்பைத் திறந்தேன். பிளாக்கில் வந்து தேடி, பதில் கிடைக்காமல் போனவர்களின் வார்த்தைகளை அது தனியாக எடுத்து வைத்திருக்கிறது, அடுத்து எதைப் பற்றி எழுதலாம் என்று நமக்குத் தெரிவதற்காக. முட்டையில்லாத கேக், வெண்பொங்கல் குழையாமல் இருக்க என்று வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே:

"கோவக்கார ரசம் ஓர் ஆளுக்கு"

அடுத்து, "கோவக்கார ரசம் மிளகு எவ்வளவு". அதற்கடுத்து வெறுமனே, "ரசம் ஓர் ஆளுக்கு".

நான் சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒருத்தி இருந்தால் ஓர் ஆளுக்கு எதற்கு ரசம்? அதுவும் என் கோபத்தின் ருசியில்?

என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. நானாக யூகிக்கிறேன். அங்கே வேலை நிலைக்கவில்லை. நீங்கள் போனபோது நான் பிளாக்கில் போட்டோவோடு எழுதி, ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லி, கோயிலில்கூட ஆள் நிறுத்தி விசாரித்தார்கள். அத்தனைக்கும் பிறகு பெட்டியோடு லிஃப்டில் ஏறி வர உங்களுக்கு முகமில்லை. இப்போது எங்கே என்ன வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்களோ, அது எந்த வேலையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். சம்மதம் இல்லாதது அந்தக் குயிலுக்கு அலாரம் என்று பெயர் வைத்ததுதான். அதற்குத் திட்டுவேன். நன்றாகத் திட்டுவேன். நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆளுக்கு ரசம் வைப்பது எப்படி என்று என் பிளாக்கில் எழுத மாட்டேன். எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. என் அளவு எல்லாமே நான்கு பேருக்குத்தான்.

பூன் லேயில் ரயில் ஏறினால் நேரே குவீன்ஸ்டவுனில் இறங்கலாம், நடுவில் மாற வேண்டியதுகூட இல்லை. சாவி உங்களிடம் இருக்கிறது, பூட்டும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரித்திக் வீட்டில் இருப்பான், கவியையும் எங்கும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. மிளகு இரட்டிப்பாகப் போட்டு, உப்பே போடாமல் ரசம் வைக்கப் போகிறேன்.

வந்து திருத்தவும்.

தங்கம்