குட்டைக் கயிறு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இதற்குள் நாலு பக்கம் புலம்பி எழுதியிருப்பாய். போனில் கூப்பிட்டால் நோயாளியிடம் கேட்கிற மாதிரி "சரி, அப்புறம்?" என்கிறாய். எனக்கு வாயடைத்துப் போகிறது. அதனால் கடிதம். நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வீடியோ படத்தை மட்டும் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

விஷயம் சாம்பலைப் பற்றி. லாயத்தில் நான் குட்டியிலிருந்து பழக்கிய பெட்டைக் குதிரை, போன வருஷம் நீ வந்தபோது உன் துப்பட்டாவைத் தின்றாளே, அவள்தான். ஒரு மாதமாக நொண்டுகிறாள். மெதுவோட்டத்தில் இடது முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே போகிறது. உனக்குத் தெரியாததில்லை, வலிக்கிற காலை ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கிப் பாரத்தைக் குறைக்கப் பார்க்கும். நல்ல காலில் தலையை இறக்கும். டாக்டர் குளம்பைத் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், கால் மரத்துப்போக ஊசி போட்டு ஓடவிட்டுப் பார்த்தார். மரத்துப்போன பிறகும் அதே தலையாட்டம். "தோள்ல ஏதாவது இருக்கும்"னு சொல்லிவிட்டுக் கை கழுவினார். முதலாளி, "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல கறிக்காரனுக்குத்தான்" என்றுவிட்டார்.

நீ ஆஸ்பத்திரியில் மனிதர்களின் இடுப்பிலும் முட்டியிலும் பளபள குண்டுமணி ஒட்டி, நடக்கவிட்டு, நடையில் என்ன கோளாறு என்று முறைத்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். எனக்காக நாலு காலை ஒரு தடவை பார். அவள் போய்விட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

உன் தம்பி

மார்ச் 11

என் செல்லத் தம்பிக்கு,

படம் பார்த்தேன். முதலில் வேகமாக, பிறகு மெல்ல, பிறகு ஒவ்வொரு அசைவாக நிறுத்தி. என் மேலதிகாரி எட்டிப் பார்த்து, "இந்தப் பேஷன்ட்டுக்கு எங்க பேன்ட் தைக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு வேலை செய். கேள்வி கேட்காமல் செய். சாம்பலை நீ பிடித்துக்கொண்டு ஓடாதே. வேறு யாராவது பிடிக்கட்டும், உன் பெண்டாட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. கயிற்றை நீளமாக விட்டு, கை குதிரையின் தலையை இழுக்காமல் ஓடட்டும். நீ நின்று படம் எடு. இன்னொன்று, உன் பூட்ஸ் இரண்டையும் கவிழ்த்து வைத்து, நுனி எப்படித் தேய்ந்திருக்கிறது என்று எழுது.

சாப்பிடும்போது புரையேறுகிறதா? உன் மகள் கணக்கில் தேறிவிட்டாளா?

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை, லாயத்தில் யாரும் இல்லாத நேரம். உன் தம்பி பெண்டாட்டி குதிரைக்குப் பக்கத்தில் போகவே பயப்படுகிறவள். கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு, துணி காயப்போடப் போகிறவள் மாதிரி ஓடினாள். சாம்பல் பின்னாலேயே வந்தாள். தலை ஒரே மட்டத்தில் இருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

திரும்பி வந்து மூச்சு வாங்க, "இவ நல்லாத்தானே ஓடறா, யாரு நொண்டுதுன்னு சொன்னது?" என்று கேட்டாள். நான் போனை ஜேபியில் போட்டுக்கொண்டேன். படம் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன்.

இடது பூட்ஸ் நுனி தேய்ந்து, தையல் தெரிகிறது. வலது புதிது மாதிரி இருக்கிறது. நீ குதிரையைப் பார்க்கவே இல்லை, இல்லையா? நான் உன்னிடம் கேட்டது ஒன்று, நீ பார்த்தது ஒன்று. நேரே சொல்லியிருக்கலாம். புரையேறுகிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாயே, வாய்க்கு வாய் புரையேறித் தவித்த அப்பாவுக்குக் கடைசியில் ஊட்டிவிட்டவன் நான். எனக்குத் தெரியாதா?

தம்பி

மார்ச் 24

தம்பி,

நேரே சொல்லப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

உன் இடது பாதம் உயர வேண்டிய அளவு உயரவில்லை. அதனால் முட்டியை அதிகம் உயர்த்துகிறாய். அப்படியும் நுனி தரையில் தட்டுகிறது. தட்டும்போதெல்லாம் விழாமலிருக்க வலது கை மேலே போகிறது. அந்தக் கையில்தான் தலைக்கயிறு. நீயும் அவளும் ஒன்றாக ஓடிப் பழகியவர்கள், உன் இடது காலும் அவள் இடது முன்காலும் ஒரே நேரத்தில் விழுகின்றன. நீ தடுமாறுகிறாய், கயிறு இழுக்கிறது, அவள் தலை தூக்குகிறாள். கயிற்றைக் குட்டையாகப் பிடிக்கக் கூடாது என்று வேலைக்கு வருகிற எல்லோரையும் திட்டுகிறவன் நீ. படத்தில் உன் கை அவள் தாடையை ஒட்டியே இருக்கிறது. நீ அவளை நடத்தவில்லையடா, அவளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய். டாக்டர் ஊசி போட்டபோதும் நீதான் ஓட்டியிருப்பாய். மரத்துப்போக வேண்டிய கால் அவளுடையது இல்லையே.

அப்பா குதிரையிலிருந்து விழுந்ததால் கால் போனது என்றுதான் நம் வீட்டில் சொல்லிக்கொண்டோம். கால் போனதால்தான் விழுந்தார் என்று இப்போது நினைக்கிறேன். படத்தில் உன் தலையை மறைத்துவிட்டுப் பார்த்தால் அப்பாதான் ஓடுகிறார். அதைப் பார்த்துவிட்டு எங்கள் அறைத் தரையில் நானும் குண்டுமணி ஒட்டிக்கொண்டு நடந்தேன். என் நடையில் ஒன்றும் இல்லை. சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது.

நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கிளம்பி வா. அதே நோயா என்று அவர்தான் சொல்ல வேண்டும், என் கண் தப்பாகவும் இருக்கலாம். குதிரை ஏறாதே. முதலில் முதலாளியிடம் போய், குதிரைக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் என்று சொல். மாதம் முடியப் போகிறது.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சொல்லவில்லை.

இந்த வீடு லாயத்தின் வீடு. குதிரை ஓட்ட முடியாதவனுக்கு இங்கே சமையலறையும் இல்லை, கூரையும் இல்லை. மகள் அடுத்த வருஷம்தான் பள்ளி முடிக்கிறாள். அதுவரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முதலாளி அறை வாசல்வரை போனேன். "என்ன?" என்றார். "தீவனம் வந்துருச்சு"ன்னு சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை கறிக்காரனின் வண்டி வந்தது. வண்டிக்காரன் அவளை என் கையிலிருந்து வாங்கி, கயிற்றை நீளமாக விட்டு, முற்றத்தில் மெதுவோட்டமாகக் கூட்டிப் போனான். குளம்புச் சத்தம் கடிகாரம் மாதிரி சீராக இருந்தது. முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பினால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். திரும்ப மாட்டாரா என்றும் இருந்தது. வண்டியின் ஏறுபலகையில் ஏறும்போது அவள் மட்டும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உன் தம்பி பெண்டாட்டி என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

தம்பி

ஏப்ரல் 10

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. ஒரு வாய் வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. அவளுக்கோ வாயே கிடையாது. குட்டியிலிருந்து உன்னை நம்பி நின்ற ஜீவன் அது. உன் தடுமாற்றத்தையெல்லாம் கழுத்தில் வாங்கிக்கொண்டு உன்னை விழாமல் பார்த்துக்கொண்டவள்.

பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன்னை என்னால் இப்போது மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்ல வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

டாக்டர் நேரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறேன், ரத்து செய்யவில்லை. நீயாக எழுதுகிறவரை நான் எழுதப்போவதில்லை.

அக்கா

மே 22

அக்காவுக்கு,

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வேறு யாரிடம் சொல்வேன்.

சாம்பலுக்குப் பதிலாக முதலாளி ஒரு செவலைக் குதிரை வாங்கினார். இளசு, இரும்பு மாதிரி கால். என்னிடம்தான் கொடுத்தார். கயிற்றை நீளமாகவே விட்டுப் பிடித்தேன், ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு. கை கேட்கவில்லை. விழப்போகும்போது எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் கை பிடிக்கிறது. போன வாரத்திலிருந்து செவலையும் தலையைத் தூக்குகிறான்.

முதலாளி வேலியோரமாக நின்று பார்த்தார். "என்னய்யா இது, இதுவும் நொண்டுது? டாக்டரக் கூப்பிடு" என்றார். நான் குதிரையை அவர் கையில் கொடுத்தேன். "குதிரைய விடுங்க, என் காலப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும் தனியாக நடந்து காட்டினேன். கையில் எதுவும் இல்லாமல் நடந்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது கால் நுனி ஓரிடத்தில் தட்டி முட்டி போட்டு விழுந்தேன்.

அவர் தூக்கிவிட்டார். திட்டவில்லை. மகள் பள்ளி முடிக்கிறவரை வீட்டில் இருந்துகொள் என்றார். அக்கா, இதைத்தானே அன்றைக்கும் சொல்லியிருப்பார். பிறகு செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "அப்போ சாம்பல்?" என்று கேட்டார்.

நான் குனிந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். அவர் செவலையைத் தானே லாயத்துக்குக் கூட்டிப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். உன் தம்பி பெண்டாட்டியும் கூட வருகிறாள், நேற்றிலிருந்து பேசுகிறாள். மன்னித்தாயா என்று கேட்கவில்லை. உங்கள் ஊர் ஸ்டேஷனில் படிகள் அதிகமா, பிடித்து ஏறக் கம்பி இருக்குமா என்று மட்டும் எழுது.

தம்பி