ஆறு மாடிக்கு அடியில் இருக்கும் கிணறு

முதலிபாளையம்
மார்கழி 9

பெங்களூரில் இருக்கும் சரவணக்குமாருக்கு உன் சின்னம்மா சாமியாத்தாள் எழுதுவது. நீயும் சித்ரகலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை.

உங்கள் வீட்டோடு நான் பேசி நாற்பது வருசம் ஆகிறது. உன் கல்யாணப் பத்திரிகையை நேரில் வைக்காமல் டிரைவரிடம் கொடுத்துவிட்டதையும் மறக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். தை பிறந்ததும் ஆறு மாடிக்கு மேல் இன்னும் இரண்டு மாடி எழுப்பப் போகிறாயாம், கம்பி வந்து இறங்கிவிட்டதாம். பேத்தி தரணி சொன்னாள். அங்கேதான் ஐந்தாம் மாடியில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் இரண்டு மாசமாக வேலை பார்க்கிறாள்.

உன் அப்பா கட்டியது அழகான கட்டடம்தான். வளைந்து ஏறும் மாடிப்படி, பச்சை மொசைக் தரை, வெயில் விழாமல் ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்தின சிமெண்டுப் பலகை. மடக்குக் கதவு வைத்த லிப்டில் ஏறிப் பார்க்கவே காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். இப்போது அதைவிட உயரமாக எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் கண்டக்டர் இன்னும் “ஆறு மாடி எறங்கறவங்கெல்லாம் வாங்க” என்றுதான் கூப்பிடுகிறார்.

அதன் வடகிழக்கு மூலைத் தூண் நம் தோட்டத்துக் கிணற்றின் மேல் நிற்கிறது. அறுபதடிக் கிணறு. ஊரிலேயே முதல் உயரக் கட்டடம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று உன் அப்பாவுக்கு அவசரம். ஒரே மாசத்தில் கல்லும் பனியன் வேஸ்ட்டும் கொட்டி மூடினார்கள். துணி மட்டும் பதினேழு லாரி. துணி மக்கினால் மண் உள்வாங்குமுங்க, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்க்கலாமுங்க என்றேன். மேஸ்திரி முன்னால், ஆட்கள் முன்னால், உன் அப்பா “மூணாங்கிளாஸ் படிச்ச புள்ள இஞ்சினியருக்குப் பாடஞ் சொல்லுதாக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அன்றோடு அந்த வாசலை மிதிப்பதை விட்டேன்.

மழை பெய்தால் ஐந்தாம் மாடியில் அந்த மூலை அறைக் கதவைச் சாத்த முடிவதில்லையாம். கீழே விழுந்த பேனா அந்தப் பக்கமே உருளுகிறதாம். தரணியிடம், வேலைக்குப் போகாதே என்றேன். “நீங்க சும்மா பயப்படறீங்க அம்மாயி” என்று அவளும் சிரித்துவிட்டுப் போனாள். சாயங்காலம் அவள் வண்டிச் சத்தம் கேட்கும் வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்ப்பேன். இறங்கட்டும், அப்போது தெரியும் இவர்களுக்கு என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்தப் பாவம் என் பேத்தி தலையில் விடியக் கூடாது.

உன் இன்ஜினியர், பிளானில் கிணறே இல்லை என்பார். இருக்காது. மூடின பிறகு வரைந்த பிளான் அது. ஆனால் உனக்குத் தெரியும். ஆறு வயசில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழகினாய். முதல் லாரி கொட்டினபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நினைத்துப் பார்.

மேலே ஒரு செங்கல் வைக்கும் முன் அந்த மூலையைத் தோண்டிப் பார்க்கச் சொல், கண்ணு. இடத்தை நான் வந்து காட்டுகிறேன். நீ நேரில் வந்துதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. டிரைவரை அனுப்பு, போதும். வருகிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் எல்லார் பிள்ளைகளும்.

இப்படிக்கு
சாமியாத்தாள்