மூன்று கண் சிவப்பு, ஒரு கண் வெள்ளை

என் தங்கத் தம்பி குமாருக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. படையலுக்கு உனக்குப் பிடித்த சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்தேன். காக்கா வந்து தின்றது. ருசி எப்படி என்று கேட்டால் நீ என்றைக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாய்? 'ம்' என்பாய்.

ஜமுனாமரத்தூரில் உன் ஸ்டூடியோவை இப்போது நான்தான் நடத்துகிறேன். சிரிக்காதே. மவுஸைத் தொடவே மாட்டேன் என்ற உன் அக்கா, ஃப்ளாஷ் பட்டுச் சிவந்த கண்களைக் கம்ப்யூட்டரில் கருப்பாக்குகிறாள். கல்யாண வீட்டு ஜனமெல்லாம் படத்தில் பேய் பிடித்த மாதிரி வந்து நிற்கும். ஒவ்வொரு கண்ணாக அமுக்கி மனுஷராக்கி அனுப்புகிறேன். அப்போதெல்லாம் என் மகள் வெண்ணிலாவின் காதுகுத்துப் படம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

தாய்மாமன் நீ. குழந்தையை மடியில் வைத்திருக்க வேண்டுமே, அதனால் அன்றைக்குக் கேமராவை வேறு ஆளிடம் கொடுத்தாய். இல்லாவிட்டால் அவள் கண்ணுக்குப் பக்கத்தில் உன் கண் எப்படி வந்திருக்கும்?

மறுநாள் வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்து இறங்கினாய். கையில் அந்தப் படம்.

"அக்கா, கோச்சிக்காத. ஒரே ஃப்ளாஷ்தான். என் கண்ணு ரெண்டும் செவப்பு, பாப்பாது ஒண்ணு செவப்பு. இன்னொண்ணு பாரு, வெள்ளையா மின்னுது. கம்ப்யூட்டர்ல மூணும் கருப்பாயிடுச்சு, இது மட்டும் மாற மாட்டேங்குது."

"அதுக்கு இன்னா இப்போ? உனக்கு வேல தெரியலன்னா பச்சப் புள்ள கண்ண நொள்ளைன்றியா? உன் வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!"

"மேல கருப்பு பூசினா முடிஞ்சிடும்க்கா. மனசு வரல. இது இன்னான்னு எனக்கும் தெரியல. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம், வாக்கா."

கையில் இருந்த புளியை உன்மேல் விட்டெறிந்தேன். நீ சட்டையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை எழுந்திருக்கவே இல்லை. பிடிவாதக்காரன்!

வேலூர் ஆஸ்பத்திரியில், அந்த வெள்ளைக்குக் காரணம் கண்ணுக்குள் கட்டி என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புள்ளை தங்கியிருக்காதாம். அந்தக் கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் விழுந்து அழுதபோது தாங்கிப் பிடித்தவனும் நீதான். தம்பிக்குப் போய் யாராவது நன்றி சொல்வார்களா என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நன்றிடா குமாரு. என் புள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய்.

உன் மருமகள் நாலாவது படிக்கிறாள். வைத்த பொய்க்கண் எதுவென்று பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. வாய் மட்டும் வரவர அப்படியே என் வாய். நீ இருந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பாயோ?

போன வாரம் நடந்ததைக் கேள். ஓர் அம்மா தன் குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பிரிண்ட் போடக் கொண்டுவந்தாள். ஒரு கண் சிவப்பு, ஒரு கண் வெள்ளை. பிரிண்ட் போடாமல் அவளிடம் திரும்பினேன்.

"ஏம்மா, பாப்பாவ ஒரு தபா டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசற? படத்தப் போடற வேலைய மட்டும் பாரு!"

நான் விடவில்லை. வெண்ணிலாவைக் கூப்பிட்டு நிறுத்தி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா பிரிண்டைக்கூட வாங்காமல் கிளம்பிப் போனாள். நேற்றுத் திரும்பி வந்தாள், குழந்தையும் இடுப்பில்.

"ஒண்ணுமே இல்லையாம்! படம் எடுத்த கோணத்துல சில சமயம் அப்படித் தெரியுமாம். நாலு நாளா வூட்ல யாருக்கும் சோறு தண்ணி எறங்கல. உன் பேச்சக் கேட்டு அலைஞ்சேன் பாரு, என்னச் சொல்லணும்!"

அவள் ஏச ஏச எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பயந்துபோய் அவளே எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இனி எந்தக் குழந்தையின் கண்ணையும் பார்க்காமல் கருப்பாக்க மாட்டேன்டா. சந்தேகம் வந்தால் சொல்லியே தீருவேன். ஏசினால் ஏசட்டும். நேற்று அந்தக் குழந்தை இரண்டு கண்ணாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

உன்னை ஏசி ஏசியே வளர்த்த,
உன் பெரியக்கா