பாரீசிலிருந்து வந்த கேசட்

காரைக்கால்,
10.8.1986

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெயமேரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? என் பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

அம்மா, ஜெயித்துவிட்டேன்! வீடியோ டெக் வாடகைக் கடை திறக்குமுன் இங்குள்ள ஜனங்களுக்கு என்ன தேவை என்று விசாரிக்கத்தானே முதலாளி என்னை அனுப்பினார்? வீடு வீடாகப் போய், "என்ன படம் பார்ப்பீங்க?" என்று கேட்டேன். இசபெல்லா என்கிற அம்மாள் சிரித்துவிட்டார்.

"படத்தைக் கொட்டாயில பாத்துக்குறோம். பாரீசுலேர்ந்து எம் மவ கல்யாணக் கேசட்டு வந்துருக்கு. இங்க எந்த டெக்குல போட்டாலும் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுது. அவ கட்டுன சேலை என்ன கலருன்னு காட்டுவீங்களா?"

பிரான்சுக் கேசட் நம் ஊர் டெக்கில் நிறம் காட்டாதாம். பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய; தெருவுக்குத் தெரு இதே குறைதான். யாருக்கு, எதற்கு, எப்போது டெக் வேண்டும் என்று கட்டம் கட்டமாக வரைந்து முதலாளி முன்னால் விரித்தேன். "சினிமாவுக்குத்தான் கூட்டம் வரும்" என்று முறைத்தவர், கடைசியில் எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடும் டெக்கையும் டி.வி.யையும் வரவழைத்தார். நேற்று கடை திறந்தோம். முதல் வாடகை இசபெல்லா வீட்டுக்கு. சேலை கிளிப்பச்சை! தெருவே கைதட்டியது. முதலாளி கடைப் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார். அதனால் கிறிஸ்துமஸுக்குத்தான் வர முடியும்.

சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நம் வீட்டு மிளகாய்ப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். பாப்பாவின் பிறந்தநாள் போட்டோ கிடைத்தது. கறுப்பு வெள்ளையில் ஒன்றும் தெரியவில்லை அம்மா. நீங்கள் தைத்த கவுன் என்ன நிறம்?

ஜெயமேரி