கறுவலுக்கு இல்லாத வெட்கம்

ஒன்றையும் சொல்லாமல் போன என் அன்பானவரே,

அங்கே சுகமா என்று கேட்க மாட்டேன். எனக்குக் கோபம். ஆறிக்கிடந்ததை உங்கள் நாய் கறுவல்தான் திரும்பக் கிளப்பிவிட்டான்.

போன கிழமை அடுத்த வளவுப் பெட்டை நாயைத் தேடி முள்ளுக்கம்பி வேலி பாய்ந்தவன், சலம் போகிற இடத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். வாசலெல்லாம் சொட்டுச் சொட்டாக இரத்தம். என் காலடியில் மல்லாந்து படுத்து, காயத்தைக் காட்டி முனகினான். நம் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இடத்தைப் பார்க்கவும் கூடாதாம்.

மருமகன் உழவு மெசினில் வடித்த கழிவு ஒயிலைத் தகரப் பேணியோடு தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டுக் காயத்துக்கு நீங்கள் அதைத்தான் பூசுவீர்களாம். வந்த ஆத்திரத்தில் நான் மருமகன் என்றும் பார்க்கவில்லை.

“முதல்ல உங்கட இதுல பூசிப் பாருங்க மருமகன். மறுகா நாய்க்குப் பூசலாம்.”

பேணியை வைத்துவிட்டுப் போனவர் அன்று மத்தியானம் சோற்றுக்கும் வரவில்லை.

சுத்தமான துணியை நனைத்து, இரத்தம் நிற்கும்வரை மெல்ல அமத்திப் பிடித்திருந்தேன். பிறகு ஓட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் போனோம். அங்கே மகள் என்ன சொன்னாள் தெரியுமா? காலில் காயமாம். அந்த டொக்டர் பிள்ளை பாவம், நாலு காலையும் புரட்டிப் புரட்டித் தேடியது.

“கால் இல்ல டொக்டர். சலம் போற இடம்.”

இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

மேல்தோல்தான் கிழிந்திருக்கிறது, தையல் தேவையில்லை என்றார் டொக்டர். ஒயில் பூசியிருந்தால் புண் எரிந்து, அதை நக்கி வயிறும் கெட்டிருக்குமாம். கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும், நக்க விடக்கூடாது, மனிசருக்குப் பூசுகிற மருந்தும் கூடாது. சலம் போகாவிட்டாலோ, வீங்கினாலோ, குறி உள்ளே போகாமல் வெளியே நின்றாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். நக்காமல் இருக்கப் பழைய வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். இப்போது காயம் காய்ந்துவிட்டது. வாளியோடு கோழி துரத்துகிறான்.

கழுவும்போதெல்லாம் உங்களைத்தான் ஏசினேன். சலம் போகாமல் முட்டி நின்றபோது நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்? நெருஞ்சிலை அவித்துக் குடித்துக்கொண்டு வட்டைக்குள் வயல் பார்க்கப் போனீர்கள். வரம்பில் விழுந்த பிறகுதானே ஆசுபத்திரிக்குத் தூக்கினோம். முந்தி வந்திருந்தால் சுகப்படுத்தியிருக்கலாம் என்று பெரிய டொக்டர் சொன்னார். அதையும் கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்து என்ன சொன்னீர்கள்?

“ஆருக்கும் சொல்லிராத புள்ள. காய்ச்சல் எண்டு சொல்லு.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். நாய் காட்டியதைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, நீங்கள் காட்டியிருந்தால் தெரிந்திருக்காதா? இத்தனை பிள்ளை பெற்றவளிடம் அப்படி என்ன வெட்கம்?

இப்போது மருமகனும் அடிக்கடி சலத்துக்கென்று வேலியோரம் போய் வெகுநேரம் நிற்கிறார். கேட்டால் ஒன்றுமில்லையாம்.

நீங்கள் போய் ஒரு வருசமாகிறது, ஆட்டத்திவசம் வருகிறது. ஆம்பிளைகள் எல்லோரும் பாயில் இருப்பார்கள், பேரன்மாரும் இருப்பார்கள். சோறு போடுமுன், நீங்கள் எதனால் செத்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்வேன். மருமகனை எனக்கு நேரே இருத்திவிட்டுச் சொல்வேன். மறுநாள் அவரை ஆசுபத்திரிக்கு நானே கூட்டிப் போவேன். கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொல்லை முதல்தரம் மீறப்போகும்
உங்கள் பெண்சாதி,
பூமணி