என் பலகையில் நானாவின் பெட்டி

செவ்வாய், இரவு.

என் படிப்பு மேசைக்கென்று வாப்பா அலவத்துகொட மரக்காலையில் வாங்கிய பலாப் பலகையில், அவரே மூத்த மகனான நானாவின் சின்தசைசர் இசைக்கருவித் துண்டுகளைப் பூட்டப் பெட்டி செய்துவிட்டார்.

"ஒங்களுக்கு அடுத்த வருஷம் பாப்பம், மகள்."

நானா வயர் குத்தும்போது என்னை விரட்டினார். "தொடாத கழுத! வயர்ல சிவப்புக் கோடு கீழ இரிக்கணும். மாறினா கருகிரும்."

அவர் அஸர் தொழப் போனதும் ஒரு வயரைத் திருப்பிக் குத்தினேன். நானா வந்ததும் பார்க்காமலே பின்பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கிவிட்டார்.

சாப்பிடும்போது சொன்னார்: "நாளைக்கி சுவிட்ச நீதான் போடணும், தங்கச்சி. ஒன்ட பலகதானே."

வாப்பா அறிந்தால் என்ன செய்வாரோ.

விடியக்காலை சுபஹுத் தொழுகைக்கு நானா எழும்பியதும் வயரைத் திருப்பியதைச் சொல்லிவிடுவேன். என் பலகையை என்னைக் கேட்காமல் அவர்கள் எடுத்ததையும் சொல்லுவேன். அதை முதலில் சொல்லுவேன்.